பென்ஷன் எடுத்த கையோடு யாழ்ப்பாணம் போகலாமா? லண்டன் வாசகர் ஒருவருக்குப் பதில்

வடமேற்கு லண்டனில் இருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 1989இல் வந்தவர், 35 வருடம் நஷனல் இன்சூரன்ஸ் (அரச பென்ஷனுக்குக் கணக்காகும் கட்டணம்) கட்டியவர். கடந்த பெப்ரவரியில் 66 வயது முடிந்து முழு ஸ்டேட் பென்ஷன் (அரச ஓய்வூதியம்) எடுக்கத் தொடங்கியிருக்கிறார். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து மாதம் 320 பவுண் தனியார் பென்ஷனும் வருகிறது. மனைவிக்கு 63 வயது, நஷனல் இன்சூரன்ஸில் 24 வருடம் பதிவாகியிருக்கிறது, இப்போது வேலை இல்லை. இருவர் பெயரிலும் உள்ள வீட்டின் கடன் முடிந்துவிட்டது. மகளும் மகனும் கலியாணம் கட்டித் தனியே இருக்கிறார்கள். அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மனைவிக்கு நீரிழிவு.

வீட்டை மாதம் 1,900 பவுணுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வருகிற மார்ச் மாதம் வலிகாமத்தில் உள்ள தங்கள் ஊருக்கே போய்விட இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் மூன்று பரப்புக் காணி பார்த்து வைத்து, இந்த மாதமே முற்பணம் கேட்கிறார். கடிதத்தில் ஐந்து நம்பிக்கைகள் தெரிகின்றன: பென்ஷன் அங்கேயும் வருடா வருடம் கூடும், நாட்டை விட்டுப் போனால் பிரித்தானிய வரி இல்லை, பெரிய வருத்தம் வந்தால் பறந்து வந்து பிரித்தானிய அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் பார்க்கலாம், பிறந்த மண் என்பதால் காணி வாங்கத் தடையில்லை, பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பி வந்து வீட்டில் இருக்கலாம்.

அன்புள்ள ஐயா,

ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. முப்பத்தைந்து வருடம் குளிரில் உழைத்தவர் தன் முற்றத்தில் இருந்து தேநீர் குடிக்க விரும்புவதில் பிழை என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் ஐந்து நம்பிக்கைகளும் இப்போதுள்ள வடிவில் சரியல்ல. அவற்றை வைத்து முற்பணம் கொடுத்தால் இழப்பு பெரிதாகும், சிலவற்றைத் திருத்தவும் முடியாது. ஆகவே பதிலை வாசித்து முடிக்கும்வரை அண்ணனுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

உறைந்துபோகும் பென்ஷன்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் உங்கள் பையைக் கடிக்கப் போகிறது. பிரித்தானிய ஸ்டேட் பென்ஷன் உலகின் எந்த நாட்டிலும் கிடைக்கும். வருடாந்த உயர்வு எல்லா நாட்டிலும் கிடைக்காது. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ், துருக்கி போன்ற இடங்களில் வாழ்பவர்களுக்குக் கூடும். இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வாழ்பவர்களுக்குக் கூடாது. குடிபெயர்ந்த நாளில் என்ன தொகையோ அதுவே கடைசிவரை. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2010இல் தோற்றது. சட்டம் என்றைக்காவது மாறலாம், ஆனால் அதை நம்பிச் செலவுத் திட்டம் போட முடியாது.

புதிய ஸ்டேட் பென்ஷன் 2016 ஏப்ரலில் வாரம் 155.65 பவுணாகத் தொடங்கியது. அந்த வருடம் முழுத் தொகை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனவருக்கு இன்றும் அதே 155.65 பவுண்தான். லண்டனில் இருந்துவிட்ட அவருடைய நண்பருக்கு 2026-27இல் 241.30 பவுண். ஒரே அளவு உழைப்பு, ஒரே அளவு கட்டணம், பத்து வருடத்தில் வாரம் 85.65 பவுண் வித்தியாசம். வருடக் கணக்கில் அது 4,450 பவுணுக்கு மேல்.

உங்களுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். இன்று வருடத்துக்கு 12,547.60 பவுண் பெறுகிறீர்கள். இப்போதைய விதிப்படி வருட உயர்வு 2.5 சதவீதத்துக்குக் குறையாது. அந்தக் குறைந்தபட்ச உயர்வை மட்டும் எடுத்தாலே, 81 வயதில் உங்கள் லண்டன் நண்பர் வாரம் ஏறத்தாழ 349 பவுண் எடுப்பார், நீங்கள் 241.30 எடுப்பீர்கள். பதினைந்து வருடத்தில் உங்கள் கைக்கு வராமல் போகும் மொத்தம் சுமார் 42,000 பவுண்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, புறப்படும் மாதம். உயர்வு ஏப்ரல் 6ஐ ஒட்டிய வாரத்தில் வரும். மார்ச்சில் நிரந்தரமாகப் போனால் அந்த வருட உயர்வை வாழ்நாள் முழுவதற்கும் இழப்பீர்கள். இந்த வருடக் கணக்கில் சொன்னால் 230.25க்கும் 241.30க்கும் உள்ள 11.05 பவுண், அதாவது வருடத்துக்கு 574 பவுண், நான்கு வாரம் பொறுக்காததால் போயிருக்கும். பயணச்சீட்டு மலிவு என்று மார்ச்சில் போகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, பென்ஷனை எடுக்காமல் தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 5.8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும் என்பது உண்மை. ஆனால் உயர்வு இல்லாத நாட்டில் இருந்துகொண்டு தள்ளிப்போட்டால் அந்தக் கூடுதலைக் கணக்கிடுவது பென்ஷன் வயதை அடைந்த அல்லது குடிபெயர்ந்த நாளின் பழைய தொகையின் மேல்தான். உறைவிலிருந்து தப்ப இது வழியல்ல.

மூன்றாவது, நிரந்தரமாகத் திரும்பி வந்தால் பென்ஷன் இன்றைய முழுத் தொகைக்கு ஏறும். சும்மா வந்து போனாலும், சர்வதேச பென்ஷன் நிலையத்துக்கு அறிவித்தால், இங்கே நிற்கும் நாட்களுக்கு மட்டும் புதிய தொகை கிடைக்கும். திரும்பிப் போனதும் பழைய தொகைக்கு இறங்கும்.

உங்கள் மனைவியின் நிலை வேறு. அவருக்குப் பென்ஷன் வயது 67. அவர் அதற்கு முன் யாழ்ப்பாணம் போனாலும், 67 ஆகும் நாளில் உள்ள தொகையில் பென்ஷன் தொடங்கி அங்கே உறையும். ஆகவே அவர் விஷயத்தில் அவசரமானது உறைவு அல்ல, விடுபட்ட வருடங்கள். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வருடம் வேண்டும், அவரிடம் 24தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வாரத்துக்கு ஏறத்தாழ 6.89 பவுண், வருடத்துக்கு 358 பவுண் கொண்டுவரும். தாமாக விரும்பிக் கட்டும் மூன்றாம் வகுப்பு நஷனல் இன்சூரன்ஸ் கட்டணமாக ஒரு வருடத்தை வாங்க ஏறத்தாழ 950 பவுண் ஆகும். மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும், உயிரோடு இருக்கும்வரை வந்துகொண்டிருக்கும். பொதுவாகக் கடந்த ஆறு வருடங்களை நிரப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் மலிவான இரண்டாம் வகுப்பில் கட்டும் வசதி 2026 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அவருடைய பென்ஷன் முன்கணிப்பை அரச இணையதளத்தில் எடுத்து, எந்த வருடம் வாங்கினால் தொகை உண்மையில் கூடுகிறது என்று பென்ஷன் சேவையிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். சில பழைய வருடங்களை வாங்கினால் ஒரு சதமும் கூடாது.

வரி: நாட்டை விட்டுப் போனாலும் விடாதது

பிரித்தானிய வீட்டின் வாடகைக்கு வரி விதிக்கும் உரிமை பிரித்தானியாவுக்கே, நீங்கள் எங்கே வாழ்ந்தாலும். நல்ல செய்தி என்னவென்றால், பிரித்தானியக் குடிமக்களுக்கு 12,570 பவுண் வரிவிலக்கு வெளிநாட்டில் இருந்தாலும் உண்டு. வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் வாடகை பாதி பாதியாகப் பிரியும்.

வருட வாடகை 22,800 பவுண். முகவர், திருத்த வேலை, காப்புறுதி எல்லாம் 4,800 என்று வைத்தால் மிச்சம் 18,000, ஆளுக்கு 9,000. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, ஆகவே அவருக்கு வரி இல்லை. உங்களுக்கு ஸ்டேட் பென்ஷன் 12,547, தனியார் பென்ஷன் 3,840, வாடகை 9,000, மொத்தம் ஏறத்தாழ 25,387. விலக்குப் போக 12,817க்கு 20 சதவீதம் என்றால் வருட வரி ஏறத்தாழ 2,560 பவுண். 2027 ஏப்ரலில் இருந்து வாடகை வருமானத்துக்கு அடிப்படை வீதம் 22 சதவீதமாகும். ஆகவே மாத வருமானத்தைப் பிடித்தம் இல்லாமல் கணக்குப் போட்டிருந்தால் அதை மாற்றுங்கள்.

நடைமுறை இப்படி. புறப்படும்போது, நாட்டை விட்டுப் போவதை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் பி85 படிவம் அனுப்ப வேண்டும். வாடகையை வரிப் பிடித்தம் இல்லாமல் பெற அனுமதி கேட்டு நீங்கள் இருவரும் தனித்தனியே என்ஆர்எல்1 படிவம் போட வேண்டும். போடாவிட்டால் முகவர் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் தருவார். முகவர் இல்லாமல் வாரம் 100 பவுணுக்கு மேல் வாடகை கட்டும் குடியிருப்பாளருக்கும் அந்தக் கடமை உண்டு. அனுமதி கிடைத்தாலும் வருட வரி விவரத்திரட்டு கட்டாயம். பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் சொந்த இணையச் சேவையில் வெளிநாட்டில் வதிபவர்களுக்கான பக்கம் இல்லை. தனியார் மென்பொருள் வாங்கவேண்டும், அல்லது காகிதப் படிவத்தை அக்டோபர் 31க்கு முன் சேர்க்கவேண்டும். ஜனவரி 31வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துத் தண்டம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து நிற்கும் நாட்கள். வரிக்காக நீங்கள் பிரித்தானிய வதிவாளரா என்று நாட்களையும் தொடர்புகளையும் எண்ணிப் பார்ப்பதுதான் வதிவுச் சோதனை. வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருப்பது அதில் குடும்பத் தொடர்பாகச் சேராது. ஆனால் மகள் வீட்டில் வருடத்துக்கு 16 இரவோ அதற்கு மேலோ தங்கினால் தங்குமிடத் தொடர்பு வரும். முந்திய இரண்டு வருடங்களில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் இங்கே இருந்திருந்தால் அது இன்னொரு தொடர்பு. இந்த இரண்டோடு நீங்கள் 91 நாள் நின்றாலே வரிக்காக மீண்டும் பிரித்தானிய வதிவாளர் ஆகிவிடுவீர்கள். ஆகவே முதல் வருடங்களில் 90 இரவைத் தாண்ட வேண்டாம். கடவுச்சீட்டு முத்திரையை நம்பாமல் ஒரு கொப்பியில் தேதி எழுதிவையுங்கள்.

இலங்கைப் பக்கம். ஒரு 12 மாதத்தில் 183 நாள் அங்கே இருந்தால் நீங்கள் இலங்கை வரி வதிவாளர். வதிவாளரின் உலக வருமானம் முழுவதும் அங்கே கணக்கில் வரும். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபா. அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு படிப்படியாக 36 சதவீதம்வரை. ஒரு பவுணை 400 ரூபாவாக வைத்தால் உங்கள் ஸ்டேட் பென்ஷன் மட்டுமே 50 லட்சம் ரூபா. “வங்கி வழியாகக் கொண்டுவந்தால் வரி இல்லை” என்று ஊரில் சொல்வது 2025 ஏப்ரலுக்கு முந்திய பேச்சு, அதை நம்ப வேண்டாம். பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1979இன் இரட்டை வரி உடன்படிக்கை இருக்கிறது. உங்கள் இரண்டு பென்ஷனையும் வாடகையையும் தனித்தனியே எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டில் எவ்வளவு என்று அங்கே பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது. நிலையான வைப்பின் வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரண வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லவேண்டும். 2025 ஏப்ரல் 6இல் இருந்து அது வதிவைப் பொறுத்தது. உங்களைப் போல் 20 வருடத்துக்கு மேல் இங்கே வதிந்தவர் போய்ப் பத்து வருடம்வரை உலகச் சொத்து முழுவதும், வலிகாமத்தில் கட்டும் வீடும் அடங்கலாக, பிரித்தானிய மரண வரிக் கணக்கில் நிற்கும். லண்டன் வீடு எப்போதும் நிற்கும். இரண்டு நாட்டுச் சொத்துக்கும் பொருந்தும்படி இருவரும் விருப்ப ஆவணம் (உயில்) எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.

வீடு: கொடுப்பது சுகம், எடுப்பது கடினம்

இங்கிலாந்தில் 2026 மே 1இல் இருந்து வாடகைச் சட்டம் மாறிவிட்டது. காரணம் காட்டாமல் இரண்டு மாத அறிவித்தலில் குடியிருப்பாளரை எழுப்பும் பழைய வழி இப்போது இல்லை. நீங்களே குடியிருக்கத் தேவை என்று கேட்கலாம். ஆனால் குடிவந்து முதல் 12 மாதத்துக்குள் அந்தக் காரணத்தால் எழுப்ப முடியாது, நான்கு மாத அறிவித்தல் வேண்டும், அவர் எழும்பாவிட்டால் நீதிமன்றம். அப்படி எடுத்த பிறகு 12 மாதத்துக்கு மீண்டும் வாடகைக்கு விடவும் கூடாது. ஆகவே “பிடிக்காவிட்டால் வந்து இருப்போம்” என்பது ஒரு வருடத் திட்டம், ஒரு மாதத் திட்டம் அல்ல. நெஞ்சுவலியோடு வரும் ஒருவருக்கு அது மிக நீண்ட காலம்.

விற்பதென்றால் நேரம் பாருங்கள். வாங்கிய நாள் முதல் அதுவே உங்கள் பிரதான வீடாக இருந்திருந்தால், வெளியேறி ஒன்பது மாதத்துக்குள் விற்றால் மூலதன இலாப வரி பொதுவாக வராது. அதற்குப் பிறகு வாடகைக்கு விட்ட காலத்தின் பங்குக்கு 18 அல்லது 24 சதவீதம் வரும். வெளிநாட்டில் வதிபவர் விற்றால், வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 60 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கு அறிவிக்கவேண்டும்.

காணி: பிறந்த மண் என்பது உறுதி ஆகாது

பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பித்ததாக நீங்கள் எழுதவில்லை. விண்ணப்பிக்கவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்று வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடைசெய்கிறது. அடுக்குமாடியில் சில வீடுகள், தாய் தகப்பன் வழியாக வரும் முதுசம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஒன்றுவிட்ட அண்ணன் பார்த்துவைத்த மூன்று பரப்பு அந்த விலக்குக்குள் வராது.

இதற்குச் சரியான வழி இரட்டைக் குடியுரிமை. 55 வயதுக்கு மேற்பட்டவர் என்ற வகையில் நீங்கள் இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். மாதங்கள் எடுக்கும். ஆனால் கிடைத்த பிறகு காணித் தடையும் இல்லை, விசா புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை. அதுவரைக்கும் “என் பெயரில் எழுதுவோம், பிறகு மாற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். அவர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு உங்கள் ஏற்பாடு தெரிந்திருக்குமா?

இரட்டைக் குடியுரிமை வந்த பிறகும் யாழ்ப்பாணத் தமிழர்களின் மரபுச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். பிரிக்காத பங்குக் காணியாக இருந்தால் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய காணி உறுதியை (பத்திரத்தை) வழக்குப் போட்டு அசைக்கலாம். விற்பவர் மணமான பெண்ணாக இருந்தால் கணவரின் எழுத்துச் சம்மதமும் தேவைப்படும். யுத்தத்தில் உறுதிகள் அழிந்த இடம் என்பதால், காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவைத் தேட வையுங்கள், புதிய நில அளவைப் படம் எடுங்கள். சட்டத்தரணி உங்களுடையவராக இருக்கட்டும், விற்பவருடையவராக வேண்டாம். முத்திரைத் தீர்வைக்கு விலையின் ஏறத்தாழ 4 சதவீதத்தை ஒதுக்குங்கள். பணத்தை உறவினர் கணக்குக்கு அனுப்பாமல் உங்கள் பெயரிலான உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுபோங்கள். பின்னர் காணியை விற்று அந்தப் பணத்தை லண்டனுக்கு எடுக்க விரும்பினால், அது வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்குத்தான் சாட்சி.

வைத்தியமும் வாழ்க்கைச் செலவும்

என்எச்எஸ் இலவசம் என்பது கடவுச்சீட்டுக்கோ கட்டிய வரிக்கோ கிடைப்பதல்ல, இங்கே வழமையாக வாழ்பவருக்குக் கிடைப்பது. நிரந்தரமாகப் போன பிறகு சும்மா வந்து போகும் நேரத்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்தால், சத்திரசிகிச்சை செய்தால், சாதாரணச் செலவின் 150 சதவீதம் அறவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இது சிறிய விஷயமில்லை. மீண்டும் குடியிருக்கவே வந்தால் அந்த நாள் முதல் உரிமை உண்டு, ஆனால் வீடு, சாமான், வங்கி என்று ஆதாரம் கேட்பார்கள். ஒரு ஒப்பரேஷனுக்காக வந்து திரும்புவது குடியிருத்தல் ஆகாது. மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் ஜிபி (குடும்ப வைத்தியர்) பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்கக்கூடும்.

யாழ் போதனா வைத்தியசாலையில் அரச சிகிச்சை இலவசம். பலர் வசதிக்காகத் தனியாரிடமும், பெரிய விஷயங்களுக்குக் கொழும்புக்கும் போகிறார்கள். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 66 வயதில், இருக்கிற வருத்தங்களை ஏற்கும் மருத்துவக் காப்புறுதி கிடைப்பது அரிது. ஆகவே தொடக்கூடாத ஒரு மருத்துவ வைப்பை வீடு கட்டும் பணத்திலிருந்து முதலே பிரித்துவிடுங்கள். நீங்கள் இருவரும் எடுக்கும் மருந்துகளின் பொதுப்பெயர்களை எழுதி, யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறதா, மாதம் என்ன விலை என்று இப்போதே விசாரியுங்கள். இன்சுலின் எடுப்பவர் வீட்டில் மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்று வழி என்ன என்பதையும் யோசியுங்கள்.

மரக்கறி, மீன், வேலைக்கு ஆள், முடிவெட்டு எல்லாம் லண்டனோடு பார்க்க மலிவு. ஆனால் நீங்கள் லண்டனில் பழகிய வாழ்க்கையை அங்கே கொண்டுபோனால் மலிவு இல்லை. கார் இறக்குமதி வரியால் பழைய வாகனமே மலைக்கும் விலை. குளிரூட்டி போட்ட வீட்டின் மின்கட்டணம், இறக்குமதிச் சாமான், 18 சதவீத வற் வரி, வருடத்தில் ஒரு முறை இரண்டு பயணச்சீட்டு, இவைதான் பட்ஜெட்டைத் தின்னும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் கோயில், கலியாணம், உறவினரின் படிப்பு என்று கேட்கும் கைகளும் கூடும். அதற்கும் ஒரு மாதத் தொகையை முன்பே தீர்மானித்து வைத்தால் மனக்கசப்பு வராது.

நாணயத்தை மறக்காதீர்கள். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை நெருங்கியது. பவுணில் வருமானம் உள்ளவருக்கு ரூபா விழுவது முதலில் இலாபமாகத் தெரியும், பிறகு விலைவாசி அதைத் துரத்திப் பிடிக்கும். ரூபா உறுதியாக நின்று விலை மட்டும் ஏறும் வருடங்களில், உறைந்த பென்ஷன் உங்களைக் காக்காது. ஆகவே கையிருப்பு முழுவதையும் கூடிய வட்டிக்காக ரூபா வைப்பில் போட்டுவிட வேண்டாம்.

என் கருத்தில் செய்யவேண்டியது

இப்போது குடிபெயர வேண்டாம். முதலில் ஒரு நீண்ட வருகை போங்கள். கார்த்திகை மழை ஓய்ந்த பின் மார்கழி கடைசியில் போய், பொங்கலையும் அங்கே கொண்டாடி, ஏப்ரலில் திரும்பலாம். வீட்டைப் பூட்டாமல் மகனையோ மகளையோ அடிக்கடி போய் நிற்கச் சொல்லுங்கள். 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குச் சில காப்புறுதிகள் செல்லாது, உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் உண்மையான குடியிருப்பு லண்டனாகவே இருக்கும்வரை பென்ஷன் உறையாது, என்எச்எஸ் உரிமையும் போகாது. ஆனால் அது உண்மையாகவே இருக்கவேண்டும். அங்கே குடியேறிவிட்டு இங்கே இருப்பதாகக் காட்டினால், கூடுதலாக எடுத்த பென்ஷனைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.

அந்த மூன்று, நான்கு மாதமும் சொந்தக்காரர் வீட்டில் நிற்காமல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு ரூபாச் செலவையும் எழுதுங்கள். உங்கள் மனைவி அங்கே எப்படி இருக்கிறார் என்றும் பாருங்கள். கடிதம் முழுக்க “நாங்கள் முடிவெடுத்தோம்” என்று இருக்கிறது, ஆனால் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. பேரப்பிள்ளைகளை விட்டுப் போவதில் அதிகம் தவிப்பவர் யார் என்பதை இருவரும் மனந்திறந்து கதையுங்கள்.

இதற்கிடையில் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம், மனைவியின் விடுபட்ட வருடங்கள், விருப்ப ஆவணம் மூன்றும் லண்டனில் இருந்தே நடக்கட்டும். பிறகும் போக விரும்பினால், ஓர் ஏப்ரல் உயர்வு வந்த பிறகு போங்கள். குளிர்காலம் யாழ்ப்பாணம், கோடைகாலம் லண்டன் என்று இருந்துவிடுவதும் கெட்ட முடிவல்ல. வாடகை வருமானம் போகும், ஆனால் பென்ஷன் உயர்வும் வைத்தியமும் தொடர்ந்து கிடைக்கும். உங்கள் இருதயத்தையும் மனைவியின் நீரிழிவையும் வைத்துப் பார்த்தால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆறு மாதம் ஆறு மாதமாகப் பிரித்தால் இரண்டு நாட்டிலும் வரி வதிவாளர் ஆகும் சிக்கல் வரும், அதனால் இலங்கையில் 183 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாகப் போனால் இரண்டு சிறிய காரியங்களை மறக்க வேண்டாம். பென்ஷனை எந்த நாட்டு வங்கியில் எடுப்பது என்று தீர்மானிக்கும் முன், வெளிநாட்டு முகவரிக்கு மாறினால் கணக்கை வைத்திருக்க விடுவார்களா என்று உங்கள் லண்டன் வங்கியைக் கேளுங்கள். அடுத்தது, உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் சான்றுப் படிவம் இடையிடையே தபாலில் வரும். சாட்சியின் கையொப்பத்தோடு 16 வாரத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். ஊர்த் தபால் எவ்வளவு பிந்தும் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே பென்ஷன் நிலையத்தில் சரியான முகவரியும் தொலைபேசி எண்ணும் எப்போதும் இருக்கட்டும்.

அண்ணனுக்கு இன்றே எழுதுங்கள்: குடியுரிமை கைக்கு வந்ததும் பார்ப்போம், அதற்கு முன் காணி வேறு யாருக்காவது போனால் வருத்தமில்லை என்று.